நாச்சிமுத்துவின் நகராத கார்

ஊஞ்சப்பாளையத்தில் பைப் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து, முடி வெட்டிக்கொள்ளலாம் என்று காரைக் கிளப்பி, கார் நகராமல் நின்று, அவர் போக வேண்டிய சலூன் தானாகவே புறப்பட்டு அவருடைய வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அந்தப் புதன்கிழமைக்கு முன்பு, ஊரில் யாரும் அவரை ஓர் ஆளாக மதித்ததில்லை. மதிக்காதவர்களில் அவரும் ஒருவர்தான்.

மதிக்காததற்கு அவர் மேல் வேறு குற்றம் ஒன்றும் கிடையாது. மனிதருக்கு முடிவெடுக்க வராது, அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர் ஒன்றரை இஞ்ச் பைப் போடலாமா, இரண்டு இஞ்ச் போடலாமா என்று கேட்டால், இரண்டையும் எடுத்துத் தரையில் கிடத்தி, இதுவும் நல்லதுதான், அதுவும் நல்லதுதான் என்று மாறி மாறித் தடவிக்கொண்டிருப்பார். வந்தவர் பொறுமை போய்த் தானே ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஓட்டலில் உட்கார்ந்தால் பக்கத்து இலை, எதிர் இலை எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியில் ஒரு டீ சொல்வார். தன் லட்சணம் தனக்கே தெரிந்திருந்ததால், அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவது வழக்கம். "என்னையக் கேக்காதீங்க, நான் யோசிச்சுச் சொல்றதுக்குள்ள நீங்க வெச்ச தென்னை காய்ச்சுப்போடும்" என்பார்.

கார் ஓட்டும்போதும் இதே கதைதான். முதல் கியரா இரண்டாவது கியரா, முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதா பின்னாலேயே போவதா, இந்தச் சந்தில் திரும்புவதா அடுத்ததில் திரும்புவதா என்று எதுவும் முடிவாகாததால், அவருடைய இடது கால் எப்போதும் கிளட்சின் மேலேயே குடியிருந்தது. முழுக்க மிதிப்பதும் இல்லை, முழுக்க விடுவதும் இல்லை. வருடக்கணக்கில் அப்படி வைத்திருந்ததில் கிளட்ச் தேய்ந்துபோனது. மெக்கானிக் அமானுல்லா காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பிளேட்டு அப்பளமாட்ட ஆயிப்போச்சுங்கண்ணா" என்றான். "கிளட்ச மாத்துனீங்கன்னா இன்னும் கொஞ்ச வருசம் ஓடும். இல்ல, வண்டியவே தள்ளிப்போட்டு வேற எடுத்தாலும் நல்லதுதானுங்."

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதையேதானுங் நானும் சொல்றேன்."

இப்படி இரண்டு பேர் ஒரு விஷயத்தில் கூடினால் அது எப்படி முடியும். தை மாதம் தொடங்கிய யோசனை மாசி தாண்டியும் நடந்தது. அவருடைய மனைவி ருக்குமணி, "பொண்ணு பாத்துட்டுப் போயி சரின்னு சொல்றதுக்கே ரெண்டு மாசம் ஆக்குன ஆளு. எங்கப்பனுக்குப் புத்தியிருந்தா அதுக்குள்ள வேற எடம் பாத்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் நாச்சிமுத்து, வாஸ்தவம்தான் என்று தலையாட்டினார்.

அந்தப் புதன்கிழமை அவர் காரில் ஏறி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் கத்தியது, கருகிய வாடை வந்தது, கார் ஓர் இஞ்ச்கூட நகரவில்லை. அவர் இன்னும் மிதித்தார், எஞ்சின் இன்னும் கத்தியது, அப்போது தெருமுனையில் இருக்கும் சலூன், தன் கண்ணாடியோடும் சுழல் நாற்காலியோடும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்களோடும் நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்தவரோடும், மெதுவாக, யாரையும் இடிக்காமல், தெருவில் ஊர்ந்து வந்து காருக்கு முன்னால் நின்றது. சலூன்காரர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்து, "வாங்கண்ணா, ரெண்டு பேர் இருக்கறாங்க, ஒக்காருங்க" என்றார். நாச்சிமுத்து இறங்கிப் போய் உட்கார்ந்தார். வெட்டி முடித்து வந்து எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்ததும், சலூன் வந்த வழியே, மேய்ச்சல் முடிந்து தொழுவத்துக்குத் திரும்பும் மாடு போல, தன் இடத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இல்லை, கோபப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதிச் சவரத்தில் வந்தவர், வழியில் காற்றடித்து முகத்தில் நுரை காய்ந்துவிட்டது என்றார். இன்னொருவர் சலூனை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் குழந்தைவேலு. சலூன் சுவரும் சேர்ந்து போய்விட்டதால் ஒரு பக்கம் சுவரே இல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு டீ ஆற்ற வேண்டியதாயிற்று என்றார். காரணம் கேட்கப் போனவர்களிடம் அமானுல்லா, "எஞ்சின் இழுக்குது, சக்கரத்துக்குப் போய்ச் சேரல. இழுத்த இழுப்பு எங்கியாச்சும் போகோணுமில்லீங்களா" என்று சொன்னான். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து எங்கு போக நினைத்தாலும் அந்த இடம் வந்தது. ரேஷன் கடை வரிசையோடு வந்தது; அவர் தெருக்காரர்கள் அந்த வரிசையில் நடுவில் நுழையப் பார்க்க, நாங்கள் அங்கிருந்தே நின்றுகொண்டு வருகிறோம் என்று வரிசைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. நர்சம்மா ஊசியும் கையுமாக இறங்கி, வந்தது வந்தாச்சு, இந்தத் தெருவில் யாருக்கெல்லாம் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். மாரியம்மன் கோயில் வந்த அன்று பூசாரி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை, கூப்பிட்ட இடத்துக்கு அம்மன் வருவதில் என்ன புதுமை, ஆனால் வாசல் தெளித்து வைக்க வேண்டாமா என்று ருக்குமணியைக் கடிந்துகொண்டார். எந்த நேரத்தில் எது வந்து நிற்குமோ என்று ருக்குமணி பொழுதன்றைக்கும் வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். ஊருக்கு வசதி, எனக்கு இடுப்பு வலி என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஊராட்சித் தலைவர் மயிலாத்தாள் இதற்காக ஒரு கூட்டம் போட்டார். கூட்டம் சமுதாயக் கூடத்தில் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று நாச்சிமுத்து சமுதாயக் கூடத்தையே வாசலுக்கு இழுத்துக் கொடுத்தார். எதை இழுப்பதென்றாலும் முன்கூட்டி போன் செய்து சொல்லிவிட வேண்டும், பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விட வேண்டும், சுடுகாட்டை எந்தக் காரணத்துக்காகவும் இழுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஒயின் ஷாப்பை இழுக்கலாமா என்று யாரோ கேட்டபோது ஆண்கள் பக்கம் நிறையக் கைகள் உயர்ந்தன. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், கைகள் இறங்கின.

மாறிப்போனது நாச்சிமுத்துவின் மதிப்புதான். முடிவெடுக்கத் தெரியாதவன் என்று சிரித்த அதே வாய்கள், அவசரப்படாத மனுசன் என்று பேசின. அன்றைக்கே அவர் ஓடிப்போய்க் கிளட்சை மாற்றியிருந்தால் இன்றைக்கு நாம் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும், யோசிப்பதிலும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்றார்கள். காலையில் அவர் சீட்டில் ஒரு தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தால், வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவருக்குத் தாலுகா ஆபீஸ், ஒருவருக்குப் பல் டாக்டர். பெட்ரோலை அவர்களே கேனில் கொண்டுவந்தார்கள். தான் ஏதோ வருவதை முன்கூட்டி அறிந்தவன் என்று நாச்சிமுத்துவே நம்பத் தொடங்கினார். நம்பும்போது உள்ளுக்குள் வெட்கமாகவும் இருந்தது, அந்த வெட்கத்தைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். ஊரில் யாரும் நடப்பதே இல்லை என்றாகி, எல்லோருக்கும் ஒரே அளவில் தொப்பை வைத்தது.

இந்த நிலையில்தான் வேப்பவலசிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது.

வேப்பவலசு பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். நாச்சிமுத்துவின் கூடப்பிறந்த ஒரே தங்கை சாந்தாமணியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் அவள் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, நாச்சிமுத்து அப்போதுதான் வாங்கியிருந்த இதே காரில் போனார். போனவர் காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தினால் காக்கை எச்சம் போடுமே, வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் போகுமே என்று ஊரையே நாலு சுற்றுச் சுற்றி ஒருவழியாக நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், முதல் பந்தி முடிந்திருந்தது. வீட்டுக்காரியின் கூடப்பிறந்த அண்ணனுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டார்கள். அவர் சோற்றைத் தொடாமல் இலையிலிருந்து எழுந்து, அத்தனை பேர் முன்னால், "இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வாழ்நாளில் அவர் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான். இவ்வளவு காலம் எதையும் முடிவு செய்யாமல் இருந்தவன் கடைசியில் முடிவு செய்த லட்சணத்தைப் பார் என்று அவரே பலமுறை தன்னைத் திட்டிக்கொண்டதுண்டு.

இப்போது சாந்தாமணியின் மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்து வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் வீட்டுக்குப் போய், தட்டில் சேலையும் மாலையும் வைத்துக் கொடுக்க வேண்டும். அது நடக்காமல் பெண் மணவறை ஏறுவதில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு சாந்தாமணியின் வீட்டுக்காரர், மச்சான் பழனிச்சாமிதான் வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "மாப்ள, அவ ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி உட்டா. அண்ணன் மண்டபத்துக்கு நேரா வந்து நின்னா ஆவாதாமா. ஊட்டுக்கு வந்துதான் குடுக்கோணுமாமா" என்றார்.

நாச்சிமுத்துவுக்குப் போக ஆசை. நெஞ்சு முட்ட ஆசை. கவிப்பிரியா நடை பழகியது அவர் விரலைப் பிடித்துத்தான். அவள் கழுத்தில் வேறு யாரோ தாய்மாமன் முறை என்று வந்து மாலை போடுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை இருக்கிறதே. அன்று பந்தியில் இருந்தவர்கள் பாதிப் பேர் இந்தக் கல்யாணத்துக்கும் வருவார்கள். போவதா, வேண்டாமா என்று வைகாசி முழுக்க யோசித்து, ஆனியில் ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அவர் ஏன் போக வேண்டும், வீடுதான் வருமே. வாசலை மிதித்தாலும், அந்த வாசல் நிற்பது அவருடைய மண்ணில்தானே.

ஊர் இந்த யோசனையைக் கொண்டாடியது. மயிலாத்தாள் நன்றாக அலசிப் பார்த்து, சொன்ன வார்த்தைக்கும் பங்கமில்லை, சீருக்கும் பங்கமில்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நல்ல நாள் பார்த்து, தெருவில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக் காரில் ஏறினார், ருக்குமணி தட்டோடு பக்கத்தில் நின்றாள், எஞ்சின் கத்தியது, கருகிய வாடை தெருவை நிறைத்தது. வேப்பவலசிலிருந்து சாந்தாமணியின் வீடு, கொடியில் காயும் துணிகளோடும், கட்டுத்தறியில் அசைபோடும் மாட்டோடும், வாசலில் பாதி போட்ட கோலத்தோடும் வயல்களைத் தாண்டி ஊர்ந்து வந்து அவருக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்துகொண்டு சாந்தாமணி கையில் கரண்டியோடு வந்தாள்.

"வா அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகுதான் அது தவறு என்று அவருக்கு உறைத்தது. வா என்பது அவர் சொல்ல வேண்டியதல்ல, வீட்டுக்காரி சொல்ல வேண்டியது.

"நான் எங்கீங்கண்ணா வந்தேன்? நான் அடுப்படில நின்னுட்டிருக்கறேன்" என்றாள் சாந்தாமணி.

"சரி, நானாச்சும் வந்துட்டேனே."

"நீங்க உங்கூட்டு வாசல்லயேதான நிக்கறீங்க."

சாந்தாமணி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால் நாச்சிமுத்துவால் சமாளித்திருக்க முடியும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஏழெட்டு வருசமா வாசக் கூட்டறப்பெல்லாம் நான் தெருமுக்கத்தான் பாக்கறேன். எந்தக் கார் முக்குல திரும்புனாலும் எங்கண்ணனான்னு பாக்கறேன். நீங்க கெளம்பி, ரோட்டுல வந்து, முக்கு திரும்பி வர்றத நான் பாக்கோணுமுங்கண்ணா. சீரு கெடக்குது. இப்பிடிப் பால் பொங்கற நேரத்துல ஊட்டோட புடிச்சு இழுத்தீங்கன்னா, நான் யாரு எவருன்னு உங்களுக்கு நெனப்பிருக்குதா, இல்ல நானும் ரேஷன் கடையா? ஊட்டக் கொண்டுபோய் உடுங்க."

கதவு மூடிக்கொண்டது. நாச்சிமுத்து சாவியை எடுத்தார், வீடு திரும்பிப் போனது, அது நின்ற இடத்தில் கொஞ்சம் கோலமாவு கிடந்தது. கூட்டத்தில் ஒருவர், மண்ணு நம்ம மண்ணுதானே, சட்டப்படி வந்த கணக்குத்தான் என்று தொடங்கி, ருக்குமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நாச்சிமுத்து காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். அழும்போதும், அழுதுகொண்டே இருப்பதா, எழுந்து போய் முகத்தைக் கழுவுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவருக்கே சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டும் கொஞ்ச நேரம் அழுதார்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கியது. பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் ருக்குமணி. மயிலாத்தாள் ஒரு படி மேலே போய், "என்ற ஜீப்ப எடுத்துக்கங்க தம்பி, டிரைவரையும் அனுப்பறேன். கிளட்ச மட்டும் தொடாதீங்க" என்றார். எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நாச்சிமுத்துவுக்கு நாச்சிமுத்துவைத் தெரியும். இந்தக் கார் இப்படியே வாசலில் நின்றால், இந்தக் கல்யாணத்துக்கு ஜீப்பில் போவார்; அடுத்த வருடம் கவிப்பிரியா பிள்ளை பெற்று வந்திருக்கும்போது, வெயிலாக இருக்கிறதே, ஒரே ஒரு தடவை என்று மறுபடியும் எஞ்சினைக் கிளப்புவார். அந்த வீடு மறுபடியும் வந்து நிற்கும், அப்போது சாந்தாமணி கதவைத் திறந்துகொண்டுகூட வர மாட்டாள். கிளட்சா, காரா, இரண்டில் ஒன்றை மாற்றியே தீர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

முதலில் புதுக் கார் என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்ததும், டவுனிலிருந்து கார் ஷோரூம் பலூன்களோடும் ஏ.சி. குளிரோடும் வந்து நின்றது. டை கட்டிய பையன் ஒவ்வொரு காராகத் திறந்து காட்டினான். வெள்ளையா, சாம்பலா, அந்தச் செங்கல் நிறமா என்பதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவழியாக வெள்ளை என்றார். "அப்ப பழைய வண்டியோட சாவியக் கொடுங்க சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றான் பையன். அவர் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து நீட்டினார். ஷோரூம், பலூன்களையும் வெள்ளைக் காரையும் கை நீட்டிக்கொண்டிருந்த பையனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

நீட்டிய சாவியோடு நின்றபோதுதான் அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. இந்தக் காரைக் கைமாற்றிவிட்டால், இதை வாங்குகிறவன் வாசலுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ, யார் யார் வீடோ, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் போய் நிற்கும். அது நடக்கக் கூடாது. ஆகவே கிளட்சைத்தான் மாற்ற வேண்டும். தை மாதத்திலிருந்து தேடிய பதில் இவ்வளவு சின்னதா என்று அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அமானுல்லாவின் மெக்கானிக் செட்டை இழுத்தார். ஒரு வேனுக்கடியில் படுத்திருந்த அமானுல்லா அந்த வேனோடு வந்து சேர்ந்து, வெளியே தவழ்ந்து வந்து, "எஞ்சின நிறுத்துங்கண்ணா, கழட்டலாம்" என்றான். நாச்சிமுத்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அண்ணா, நான் மறுக்கா இங்கயே இருக்கறனுங். எஞ்சின் ஓடுனா கழட்ட முடியாது, நிறுத்துனா நான் அங்க இருக்க முடியாது. வண்டி இங்க வந்தாத்தானுங் ஆவும்."

"அது எப்படிடா வரும்?"

"தள்ளுங்க."

மறுநாள் காலையில் ருக்குமணி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். அவள் கார் ஓட்டியதில்லை, நேராகப் பிடித்தால் போதும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். தெரு மேட்டைப் பார்த்து ஏறுகிற தெரு. அவரும் மாதக்கணக்கில் எங்கும் நடக்காத மனிதர். கார் ஒரு முழம் ஏறியது, அரை முழம் இறங்கியது. ஊர் வாசல்களில் வந்து நின்று பார்த்தது. கிளட்ச் மாற்றுவதற்கு ஊர் துணை போகாது என்று முந்தின நாளே எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். அவருடைய வேர்வையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் அவரைப் பார்த்தார்கள்.

ஆனால் ஊஞ்சப்பாளையத்துக்காரர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் வண்டியைத் தள்ளுகிறார் என்றால் அவர்களால் சும்மா நிற்க முடியாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் வண்டியாக இருந்தாலும், சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து தள்ளிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்ச் சாப்பிடுவார்கள். முதலில் வந்தது டீக்கடைக் குழந்தைவேலு. "தள்ளறேன்னு நெனச்சுக்காதீங்க, சும்மா கை வெச்சிருக்கறேன்" என்றார். பிறகு சலூன்காரர் வந்தார், பூசாரி வந்தார், ரேஷன் வரிசையில் சண்டை போட்ட இரண்டு கட்சியும் வந்தது. மயிலாத்தாள் சேலையைச் சொருகிக்கொண்டு, "இது மடத்தனம் தம்பி, ஊருக்கே நட்டம். ஏனப்பா, அந்தப் பக்கம் நல்லாப் புடிங்க, சாயுது பாரு" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். எல்லோரும் நாச்சிமுத்துவைத் திட்டினார்கள், மூச்சு வாங்கினார்கள், திட்டினார்கள், தள்ளினார்கள். சலூனைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டிக் கார் போனது; எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

செட்டில் அமானுல்லா கழற்றிப் புதியதைப் போட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. துக்க வீட்டில் உட்கார்வது போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அவன் தேய்ந்த பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இத என்னங்கண்ணா பண்றது, வெச்சுக்கறீங்களா, போட்டுரட்டுங்களா?" என்று கேட்டான். ஊரே நாச்சிமுத்துவின் வாயைப் பார்த்தது.

"போட்டுரு" என்றார்.

மறுநாள் அவரும் ருக்குமணியும் சீர்த்தட்டுகளோடு வேப்பவலசுக்குக் கிளம்பினார்கள். புதுக் கிளட்ச் அவருடைய காலுக்குப் பழகவில்லை. தயங்கித் தயங்கி விட்டால் கார் உதறியது, சட்டென்று விட்டால் துள்ளி நின்றது, பின்னாலிருந்து தேங்காய்கள் உருண்டு அவர் குதிகாலை இடித்தன. ருக்குமணி, நடந்து வந்திருந்தால் இந்நேரம் சேர்ந்திருக்கலாம் என்றாள். மரங்கள் பின்னால் போயின, மைல்கல்கள் பின்னால் போயின, எதுவும் அவரிடம் வரவில்லை, அவர்தான் ஒவ்வொன்றாகக் கடந்து போனார். வேப்பவலசு முக்கில் திரும்பும்போது கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றேவிட்டது.

தெருக்கோடியில், வீட்டு வாசலில், சாந்தாமணி விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். வாசலில் கூட்டுவதற்கு ஒரு தூசி கிடையாது. நாச்சிமுத்து மறுபடியும் சாவியைத் திருகவில்லை. இறங்கினார், ஒரு தட்டைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை ருக்குமணியிடம் கொடுத்து, காரை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு நடந்தார். சாந்தாமணி அசையாமல் நின்று பார்த்தாள். அவர் கிட்டே வர வர அவள் முகம் கோணியது.

"அண்ணி போன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு. ஊர்ந்துட்டு வந்தீங்களாக்கும்" என்றாள்.

"வழில நின்னு நின்னு போச்சம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

உள்ளேயிருந்து கவிப்பிரியா ஓடிவந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாச்சிமுத்து படியருகே வந்து காலைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான், நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம், வலது காலை வைக்க வேண்டுமே, இப்போது தூக்கியிருப்பது எந்தக் கால், இதை இறக்கிவிட்டு மற்றதை எடுப்பதா, இறக்கினால் திரும்பிப் போவதாக அவள் நினைத்துக்கொள்வாளோ என்று வரிசையாக யோசனைகள் வந்து மொய்த்தன, அவர் தட்டும் கையுமாக ஒற்றைக் காலில் நின்றார். சாந்தாமணி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து உள்ளே ஓர் இழுப்பு இழுத்தாள். எந்தக் கால் முதலில் உள்ளே போனதென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.